கணக்கு யாருக்கு? கெடா தோட்டப் பெண்களும் ஆய்வின் அறமும்



கெடாவில் தமிழர் வரலாறு பேச எழுபவர்கள் கடாரத்தில் தொடங்குவது மரபு. ராஜேந்திர சோழனின் கப்பல்கள், பூஜாங் பள்ளத்தாக்கின் கல் அடித்தளங்கள் என்று ஆயிரம் ஆண்டைச் சுற்றிவிட்டு, கடைசிக் கால் மணி நேரத்தில்தான் தோட்டத்துக்கு வந்து சேர்வார்கள். அதற்குள் மணி அடித்துவிடும். எனவே நான் நேராகத் தோட்டத்திலேயே இறங்கிவிடுகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, மனித உரிமை மீறல்களுக்கு ஆளாகி மீண்ட பெண்களோடு சேர்ந்து செய்யும் பெண்ணியப் பங்கேற்பு ஆய்வு. பெயர் நீளம், செய்தி எளிது. கொடுமை பட்டவரிடம் போய் நாலு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வந்து, நம் பெயரில் கட்டுரை போடுவது ஒரு வகை ஆய்வு. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது, எதை வெளியே சொல்வது, எதைச் சொல்லாமல் காப்பது என்ற ஒவ்வொரு முடிவிலும் அவரையும் உட்கார வைப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையே பங்கேற்பு ஆய்வு. பெண்ணாகப் பிறந்ததற்காகவே வீட்டிலும் வேலையிடத்திலும் சுமத்தப்பட்டவற்றைத் தனித்துப் பார்க்கும்போது அது பெண்ணிய ஆய்வாகிறது.

இன்று நான் முன்வைக்கும் வாதம் ஒன்றுதான். ஓர் ஆய்வின் தரத்தை அறிய, ஆய்வாளர் யாருக்குக் கணக்குச் சொல்கிறார் என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொல்கிறார், நிதி தந்தவருக்குச் சொல்கிறார். தன் வாழ்க்கையை எடுத்துச் சொன்ன பெண்ணுக்குச் சொல்கிறாரா?

கிராணியின் புத்தகம்

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அதன்பின் நிரைக்குப் போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டு. மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வந்தால், அங்கே தராசோடு கணக்கெழுதும் கிராணி காத்திருப்பார். பாலை நிறுத்து, அதில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்த்து, கிராணி தன் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண்தான் அன்றைய உழைப்பு. சுமந்து வந்த பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமை கிடையாது. பெரும்பாலும் படிக்கவும் தெரியாது. மழை பெய்த நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆயாக்கொட்டகையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்ட நாள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாய்க்கு வந்தபடி ஏசிய நாள் எல்லாமே அந்தப் புத்தகத்தில் வெறும் எடைகள்.

பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கைகள் பலவும் இந்தப் புத்தகத்தின் வகையைச் சேர்ந்தவைதான். சுமந்தவர் ஒருவர், நிறுத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், எழுதியது போய்ச் சேரும் இடமோ லண்டனில் ஒரு கம்பெனி, அல்லது ஒரு பல்கலைக்கழக நூலகம்.

மலாயாவின் பழைய ஆவணங்களைப் பார்த்தால் இது விளங்கும். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு வித்தியாசம் ஏன் என்று பெண்களிடம் யாரும் கேட்டதாக ஆவணம் பேசுவதில்லை. ஓடிப்போனால், கொலையுண்டால், வழக்கில் சிக்கினால் மட்டுமே பெண்ணின் பெயர் கோப்பில் ஏறும். வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூல், மலாயாவின் கூலிப் பெண்களைப் பற்றியது. இதே கோப்புகளைத் தலைகீழாகப் படித்து, அடிபட்டவர்களாக மட்டும் காட்டப்பட்ட பெண்கள் அவ்வப்போது சட்டத்தையும் சூழலையும் தங்களுக்குச் சாதகமாக வளைத்தார்கள் என்று அவர் காட்டுகிறார். ஆனால் அந்தப் பெண்கள் எவரும் இன்று இல்லை. கோப்பிடம் குறுக்குக் கேள்வி கேட்கலாம். ‘நான் சொன்னது அப்படி இல்லை’ என்று திருத்த ஆள் இல்லை.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிரான மறியலில் காவல்துறை தொழிலாளர்மீது பாய்ந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. கள் என்பது லயத்து வரிசை வீட்டுக்குள் யாருடைய முதுகில் விழுந்த பிரச்சினை? பெண்ணின் முதுகில். ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்த பெயர்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். போர்க்காலத்துச் சயாம் மரண ரயிலும் அப்படித்தான். 415 கிலோமீட்டர்த் தண்டவாளம் நமக்கு மனப்பாடம். கட்டப்போன கணவன் திரும்பாத வீட்டில், அரிசி இல்லாத காலத்தில், பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தார்கள் என்பதை, கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நாம் கேட்கவில்லை. மீண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும் என்பது இந்த ஆய்வுமுறையின் முதல் பாடம்.

முறை வந்த வழி

பங்கேற்பு ஆய்வு லத்தீன் அமெரிக்காவில் வேர்விட்டது. பிரேசிலின் பாவ்லோ ஃபிரேய்ரே, எழுத்தறிவு வகுப்பில் உழைப்பாளி தன் நிலையைத் தானே படித்தறிய முடியும் என்று காட்டினார். கொலம்பியாவின் ஒர்லாந்தோ ஃபால்ஸ் போர்தா, 1977இல் கார்த்தஹேனா நகரில் கூடிய மாநாட்டின் வழியே இதை ஓர் ஆய்வு மரபாக நிலைநிறுத்தினார்.

இந்த மரபிலும் ஓர் ஓட்டை இருந்தது. ‘மக்கள்’ என்று அவர்கள் சொன்னபோது கூட்டத்தில் பேசியவர்கள் ஆண்கள். ஊர்க்கூட்டம் போட்டால் யார் முன்வரிசையில் உட்காருவார்கள், யார் தேத்தண்ணி கலக்கப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் இல்லாத பங்கேற்பு பாதிப் பங்கேற்புதான் என்று பட்ரீசியா மகுவாயர் 1987இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு முன்பே, 1978இல், ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் பெண்ணிய ஆய்வுக்கான நெறிகளை வகுத்திருந்தார். மேலிருந்து பார்ப்பதை விடுத்துக் கீழிருந்து பார்ப்பது, யார் பக்கம் நிற்கிறோம் என்பதை அறிந்து அறிவித்து நிற்பது, நிலைமையை மாற்றும் போராட்டத்தோடு ஆய்வை இணைப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் கேட்டுக் கொலோன் நகர வீதியில் மாணவிகளோடு நின்ற அனுபவம் அவருக்கு உண்டு. ஆந்திரத்தின் நரசாப்பூரில் வீட்டிலிருந்தபடி பூப்பின்னல் பின்னும் பெண்களிடமும் அவர் பாடம் கற்றார். அந்தப் பெண்களை ‘வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள்’ என்றே ஊர் சொல்லிவந்தது. அவர்கள் பின்னியதோ உலகச் சந்தைக்குப் போனது.

‘ஒரு பக்கம் சாய்ந்தால் அது அறிவியலா?’ என்று மாணவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

மருந்துத் தோம்பு

ஐரின் ஃபெர்னாண்டஸ் 1946இல் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். ஐரின் ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, வேலையை விட்டு இளம் தொழிலாளர் இயக்கத்துக்கும் பெண்கள் இயக்கத்துக்கும் வந்தார். 1991இல் கோலாலம்பூரில் ‘தெனகனிதா’ அமைப்பைத் தொடங்கினார். பினாங்கில் 1982இல் பிறந்த பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பின் ஆசிய பசிபிக் கிளையோடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றித் தெனகனிதா செய்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 2002இல், இரண்டு அமைப்புகளும் இன்னும் விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டன. மலேசியத் தோட்டங்களில் சுமார் 30,000 பெண்கள் மருந்தடிக்கும் வேலையில் இருப்பதாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வெளிக்காட்டு வேலையின் பெரும்பகுதி பெண்களின் தலையில் விழுந்தது. களைக்கொல்லித் தோம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கி அடிக்க வேண்டும். அடித்ததில் முக்கியமானது பாராகுவாட். 1962இல் சந்தைக்கு வந்த இந்த நஞ்சு உள்ளே போனால் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும்; முறிமருந்து கிடையாது. ‘சொன்னபடி பயன்படுத்தினால் ஆபத்தில்லை, முழுத் தோல் வழியே அது அதிகம் உள்ளே போகாது’ என்பது கம்பெனிகளின் வாதம்.

அந்த வாதத்தை உடைப்பதற்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. தோம்பு எங்கே ஒழுகும் என்பது அதைச் சுமப்பவருக்குத்தான் தெரியும். ஒழுகிய மருந்து பட்டுப் பட்டு முதுகுத் தோல் வெந்து புண்ணாகியிருக்கும். புண்பட்ட தோல் வழியே பாராகுவாட் எளிதாக உள்ளே இறங்கும். கம்பெனி கணக்கில் கொண்ட ‘முழுத் தோல்’ நிரையில் நிற்கும் பெண்ணிடம் இல்லை. நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போனது என்று பெண்கள் தனித்தனியே சொன்னபோது கிளினிக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றாக உட்கார்ந்து சொன்னபோது, எல்லாரும் ஒரே தோம்பைத்தான் சுமக்கிறோம் என்பது தெரிந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பூச்சிக்கொல்லி பாதித்ததா என்று பார்க்க வழக்கமாக ரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைச் சோதிப்பார்கள். அது ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகளைக் காட்டும், பாராகுவாட்டைக் காட்டாது. எந்த நாளில் எந்த டின் திறந்தார்கள், எத்தனை மூடி ஊற்றினார்கள் என்று கலக்கியவரிடம் கேட்காமல் சோதனை செய்தால், ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று தாள் வரும். அந்தத் தாளை நம்பி அந்தப் பெண்ணை மறுநாளும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பங்கேற்பு ஆய்வு அறிவியலுக்கு எதிரி இல்லை. எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று அறிவியலுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதன் வேலை. சாய்வு பற்றிய கேள்விக்கு இதுதான் என் பதில். நிர்வாகத்திடம் மட்டும் கேட்டு எழுதுவதும் ஒரு சாய்வுதான். அதற்கு மட்டும் ‘நடுநிலை’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

விளைவு என்ன? 2002இல் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது. அதற்கு அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அங்கே அதற்கிருந்த அனுமதியை ரத்து செய்தது. நம் நாட்டில் முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் நாள். 1992ஆம் ஆண்டு ஆய்வில் பேசிய பெண்களில் ஒருவருக்கு அப்போது நாற்பது வயது என்று வைத்துக்கொண்டால், தடை வந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு. உண்மை தெரிவதற்கும் அது ஏற்கப்படுவதற்கும் இடையில் ஒரு பெண்ணின் உழைக்கும் ஆயுள் முழுவதும் கரைந்துவிட்டது.

கேட்டதற்குத் தண்டனை

ஐரின் தோட்டத்தோடு நிற்கவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரின் உடல்நலத்தைப் பற்றி விசாரிக்கப்போன இடத்தில், தடுப்பு முகாம்களில் நடந்தவை ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. முந்நூறுக்கும் மேற்பட்டோர் சொன்னவற்றைத் திரட்டி, 1995இல் அடி, பட்டினி, நோய், பாலியல் கொடுமை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். 1996 மார்ச்சில், பொய்ச்செய்தி வெளியிட்டதாக அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குப் பதிவானது. ஏழாண்டுக்கும் மேல் இழுத்த விசாரணை 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறைத்தண்டனையில் முடிந்தது. மேல்முறையீட்டில் 2008 நவம்பரில் விடுதலை ஆனார். இடையில், 2005இல், மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவரைத் தேடி வந்தது. 2014 மார்ச் 31இல் மறைந்தார்.

ஐரினின் துணிச்சலைப் போற்றி ஒரு மாலை போட்டுவிட்டுப் போவது எளிது. இந்த வழக்கில் ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் வழக்கைச் சுமந்தவர் கேட்டவர். பல ஆய்வுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆய்வாளருக்குப் பட்டம் கிடைக்கும். ஊர்ப்பெயரும் வயதும் தொழிலும் அச்சில் வந்து, ‘யாரிடமோ போய்ச் சொன்னவள் இவள்தான்’ என்று சொன்னவர் தோட்டத்தில் அடையாளம் காணப்படுவார்.

தூரத்து ஊர்கள்

குவாத்தமாலாவின் உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ போனதாக அந்நாட்டின் உண்மை அறியும் ஆணையம் 1999இல் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா இனத்தவர். மலைநாட்டுச் சாஹூல் ஊரின் பெண்களோடு அமெரிக்க உளவியலாளர் பிரின்டன் லைக்ஸ் பல ஆண்டுகள் வேலை செய்தார். கேமராவைத் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் அந்தப் பெண்களிடமே கொடுத்தார். எரிந்த வீடு, விதவைகளின் சமையல், தறி, வயல் என்று அவர்கள் எடுத்த படங்களைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். எது கதை, எது காரணம் என்று வாதாடினார்கள். 2000இல் வந்த நூலின் ஆசிரியர்களும் அந்தப் பெண்கள்தான்.

அதே நாட்டில் செப்பூர் சார்கோ என்ற ராணுவ முகாமில் அடிமைகளாக வைக்கப்பட்ட கெக்சி மாயாப் பெண்கள், தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் அமர்ந்தார்கள். 2016 பிப்ரவரி 26இல் இரண்டு குற்றவாளிகளுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சிறை கிடைத்தது. தீர்ப்புக்குப் பின் அந்தப் பாட்டிமார் கேட்டவற்றில் நிலம் இருந்தது, மருத்துவ நிலையம் இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. உலகம் அவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று மட்டும் எழுதியது. அவர்களோ, நிலத்துக்குப் பட்டா கேட்டதற்காகக் கணவர்கள் தூக்கிச் செல்லப்பட்டதிலிருந்தே கதையைத் தொடங்கினார்கள். கேள்வியை அவர்களிடம் விட்டதால்தான் இந்தத் தொடக்கம் தெரிந்தது.

தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை மறக்க முடியாது. 1992 ஜூன் 20இல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பரில் அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சீருடைக்கு முன்னால் மலைவாழ் பெண்ணின் சொல் நிற்குமா என்று சந்தேகித்தவர்களுக்கு முப்பத்தோராண்டு கழித்துப் பதில் கிடைத்தது. அத்தனை ஆண்டும் அவர்களுக்குத் துணையாய் நிற்க இயக்கங்கள் இருந்தன. துணை நிற்க யாருமில்லாத இடத்தில் சாட்சியம் மட்டும் சேகரித்து வருவது, புண்ணைக் கிளறிவிட்டுப் போவதுதான்.

நம் ஊரின் சிக்கல்கள்

இந்த முறையை அப்படியே கெடாவில் கொண்டுவந்து வைத்துவிட முடியாது. நமக்கென்று சில முடிச்சுகள் உண்டு.

முதலாவது, இடம். குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பு நெறிகள், பெண்ணிடம் தனியிடத்தில் பேச வேண்டும், ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்கின்றன. லயத்தில் ஏது தனியிடம்? இந்த வீட்டுத் தும்மல் அந்த வீட்டுக்குக் கேட்கும். சுங்கைப்பட்டாணியின் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கு வந்தபின்னும் வாசலில் நிற்கும் கார் யாருடையது என்று மாடி முழுக்கத் தெரியும். கோயில் மண்டபத்தில் கூடலாம் என்றால், அடித்த கணவரோ அவரது அண்ணனோ கோயில் நிர்வாகத்தில் இருக்கலாம். இடத்தைப் பெண்களே சொல்லட்டும். தையல் வகுப்பும் கிளினிக் வரிசையும் நல்ல ஆய்வுக்கூடங்கள்.

இரண்டாவது, கையெழுத்து. ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் படிவம் கேட்கும். தோட்டத்தை விற்கும்போது எத்தனையோ தாளில் கைநாட்டு வாங்கி, வீட்டைக் காலி செய்ய வைத்த ஊர் இது. தாளை நீட்டினாலே பாட்டி பின்வாங்குவார். ஒப்புதலை வாயால் கேளுங்கள். ஒருமுறை கேட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு சந்திப்பிலும் கேளுங்கள்.

மூன்றாவது, மௌனம். ‘நமக்கு என்னா தெரியும், அவரக் கேளுங்க’ என்று கணவரைக் காட்டும் பெண்ணை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கனிதா மையம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தீபகற்ப மலேசியாவில் துணையோடு வாழ்ந்த பெண்களில் சுமார் 9 விழுக்காட்டினர் குடும்ப வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னது. தேவையான எண்தான். ஆனால் சொல்லாதவர்களின் கணக்கை எந்தக் கருத்தாய்வும் எடுக்க முடியாது. சிலர் அச்சத்தால் சொல்வதில்லை. சிலர் பிள்ளையின் கல்யாணத்தை நினைத்துச் சொல்வதில்லை. சிலர் சொல்ல வேண்டாம் என்று தெளிந்து முடிவெடுத்தவர்கள். மூன்றாவது மௌனத்தை உடைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

நான்காவது முடிச்சு எல்லாவற்றையும்விடக் கடினம். இன்று கெடா தோட்டங்களில் மருந்துத் தோம்பைச் சுமப்பவர் யார்? நம் பிள்ளைகள் பாக்கார் அராங் தொழிற்பேட்டைக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் போய்விட்டார்கள். தோட்டத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். அவர்களின் வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் அது முதலாளியின் மேசையில் கிடப்பது வழக்கம். வெளிநாட்டுத் தொழிலாளிப் பெண் கருவுற்றால் வேலை போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நம் பாட்டிமார் பட்டதன் புதுப் பதிப்பு இது. இந்தப் பதிப்பில் சில இடங்களில் மண்டோர் தமிழர், கிராணி தமிழர், ஆள் பிடித்துத் தரும் ஏஜென்டும் தமிழர்.

சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவான், பகாங்கில் தமிழ்த் தொழிலாளர் அடிமைகளாய் அடைக்கப்பட்ட நிகழ்ச்சியைச் ‘செலாஞ்சார் அம்பாட்’ நாவலாக்கினார். அதைப் படித்து நாம் கொதித்தோம். அதே கொதிப்பு, இந்தோனேசியாவின் லொம்போக் தீவுப் பெண் ஒருவர் நம் உறவினரின் வீட்டிலோ நம்மவரின் குத்தகைத் தோட்டத்திலோ அடைபட்டுக் கிடக்கும்போது வருகிறதா? தோட்டத் தமிழரிடம் தொடங்கிய ஐரின், வெளிநாட்டுத் தொழிலாளரிடம் வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. நஞ்சும் லயமும் பயமும் இருந்த இடத்திலேயே இருக்க, ஆட்கள் மாறியதை அவர் கண்டார். தன் இனத்தின் துன்பத்தை மட்டும் ஆவணமாக்கும் ஆய்வு பெருமைக்கு உதவும். நீதிக்குப் பாதிதான் உதவும்.

ஐந்து நிபந்தனைகள்

இந்த மேடை ஆண்டுதோறும் ஆய்வு மாணவர்களுக்கு ஊக்கம் தருவது. ஆகவே முடிவாக, கெடாவில் இப்படிப்பட்ட ஆய்வு செய்ய முன்வருவோருக்கு ஐந்து நிபந்தனைகளை வைக்கிறேன்.

ஒன்று, முதல் சந்திப்புக்குக் கேள்வித்தாள் கொண்டுபோகாதீர்கள். எதைப் பற்றி ஆராய வேண்டும் என்று அந்தப் பெண்களே சொல்லட்டும். நீங்கள் வன்முறை பற்றிக் கேட்கப் போயிருப்பீர்கள். அவர்கள் ஓய்வூதியக் கணக்கைப் பற்றிப் பேசலாம். வன்முறை அதற்குள்ளேயே இருக்கக்கூடும்.

இரண்டு, நாட்கூலி கொடுங்கள். உங்களோடு உட்கார்ந்த நாளில் அவருக்கு வருமானம் போகிறது. பஸ் காசு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், சாப்பாடு ஆகியவற்றை ஆய்வுச் செலவில் முதல் வரியாக எழுதுங்கள். சக ஆய்வாளர் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியோடு அனுப்பிவைப்பது ஏமாற்று.

மூன்று, அச்சுக்குப் போகும் நாள்வரை சொன்னதைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அதனால் ஆய்வேட்டில் ஓர் இயலே போனாலும் போகட்டும்.

நான்கு, ஆங்கிலத்தில் ஆய்விதழுக்குப் போகுமுன், எழுதியதைச் சொன்னவர்களின் மொழியில் அவர்கள் முன்னால் உரக்க வாசியுங்கள். தமிழரிடம் தமிழில், மற்றவர்களிடம் இந்தோனேசியத்திலோ வங்காளியிலோ நேப்பாளியிலோ. ‘அப்படி இல்லைம்மா’ என்று அவர்கள் திருத்தும் இடங்கள்தான் உங்கள் ஆய்வின் மிகச் சிறந்த பக்கங்களாக இருக்கும். பதிவுகளின் ஒரு படி அவர்கள் நம்பும் இடத்தில் இருக்க வேண்டும். பெயர்களின் பட்டியல் தனியே பூட்டப்பட வேண்டும்.

ஐந்து, பேசிய மறுநாள் அவருக்கு யார் துணை என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பழையதைப் பேசியவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. அரசு மருத்துவமனையின் நெருக்கடி உதவிப் பிரிவு, பினாங்கில் 1985 முதல் இயங்கும் பெண்கள் மையம், சட்ட உதவி வழக்கறிஞர் என்று யாருடனாவது முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுத்தான் ஒலிப்பதிவுக் கருவியைத் திறக்க வேண்டும்.

இவையெல்லாம் ஆய்வைத் தாமதமாக்கும். மூன்றாண்டில் முடிய வேண்டிய பட்டம் ஐந்தாண்டு ஆகலாம். மேற்பார்வையாளர் கோபிப்பார், நிதி தருபவர் அறிக்கை கேட்டு நெருக்குவார். ஆய்வாளர் அந்த நெருக்கடியைத் தன் தோளில் தாங்க வேண்டும்; பேசிய பெண்ணின் தலையில் இறக்கக் கூடாது. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் தரும் ஆய்வு நல்கையின் விதிகளில் இந்த ஐந்தையும் சேர்த்துவிடுங்கள். கூடுதல் காலத்துக்கும் கூலிக்கும் பணம் ஒதுக்குங்கள். மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் அதுவே: இந்த ஐந்தில் ஒன்றையேனும் நிறைவேற்ற முடியாத நிலையில் இருக்கிறீர்களா? வேறு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்கள் ஒருமுறை கொடுமையைத் தாங்கினார்கள். நம் பட்டத்துக்காக அதை இன்னொருமுறை தாங்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.